விட்டுப்போன சொல்

மூளையைத் தாக்கிய வைரஸ் காய்ச்சல் விட்ட பிறகும் மேகலைக்குச் சொற்கள் வாய்க்கு வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி அவளையே முடிக்கச் சொல்லும்படி கணவனிடம் சொல்லியிருந்தார். அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பரிதி, "போயிட்டு" என்று நிறுத்துவான். அவள் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துத் தேடுவாள். "சீக்கிரம் சொல்லித் தொலை," என்பான். கடைசியில் "வரேன்" என்பாள்.

இன்று அவனுடைய சட்டைகள் எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் போறேன்," என்றான்.

அவள் யோசிக்கவே இல்லை. "தப்புங்க. போயிட்டு வரேன்னு சொல்லணும்."

"பரவாயில்லையே, தேறிட்ட," என்றபடி அவன் லிஃப்டுக்குள் போனான்.

அவன் திருத்திச் சொல்வதற்காக அவள் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.