மச்சான் அடிச்சவர்

"மச்சான் அடிச்சிட்டார் சேர்" என்றாள் ஷிஃபானா.

இடது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது.

அவளுக்குச் சிங்களம் வராது. கதைத்துக் கொடுக்கத்தான் நான் கூடப் போனேன். மேசையில் இருந்த பொலிஸ்காரரோ, "தேவல்ல அம்மா, நமக்கு தமில் தெரியும்" என்று சிரித்தார். நல்ல பிள்ளை. கதிரை இழுத்துப் போட்டு அவளை இருத்தினார்.

"பேர் என்ன, அவர்ட?"

"றிஸ்கான்."

"இப்ப எங்க?"

"வீட்டிலதான் சேர்."

அவருக்குப் பின்னால் ஒரு கதவு. 'சிறுவர், பெண்கள் பிரிவு' என்று எழுதியிருந்தது. அடித்தது புருஷன் என்றால் அந்தக் கதவுக்குள் அனுப்புவார்கள். உள்ளே பெண் பொலிஸ். டாக்குத்தரிடம் காட்டுவார்கள், அவனைப் பிடிப்பார்கள், கோட்டுக்குக் கொண்டுபோவார்கள். இதையெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்தோம். அவள் இன்றைக்கு அந்த வீட்டுக்குத் திரும்பாமல் இருக்க வேறு வழி இல்லை.

பொலிஸ்காரர் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிறு முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்து எழுதினார். எழுதியதைச் சிங்களத்தில் வாசித்தார்.

'யாளுவா' என்று வாசித்தார். சிநேகிதன்.

சிங்களப் பொடியன்கள் கூட்டாளியைத்தான் மச்சான் என்பார்கள். எங்கள் பெண்கள் கட்டினவனைச் சொல்வார்கள். ஒரு சொல்தான், மக்காள். சிநேகிதனோடு வாய்த்தர்க்கம், கைகலப்பு, சிறு காயம். அந்தப் பிள்ளை அவனிடம் அடிவாங்கின ஆறு வருஷம் மூன்று வரியில் முடிந்துவிட்டது.

பிறகு சிங்களத்திலேயே என்னிடம் சொன்னார். "சின்ன விஷயம் அம்மா. இதுக்கெல்லாம் ஆளைப் பிடிக்க ஏலாது. செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் வரட்டும், கதைச்சுத் தீர்ப்பம்."

அவனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு துண்டும் எழுதினார்.

புருஷன் என்று சொன்னால் போதும். சிங்களத்தில் எனக்குத் தெரியாத சொல்லா? முப்பது வருஷம் துறைமுக வாசலில் இடியப்பம் விற்றவள் நான்.

வாய் திறக்கவில்லை.

எனக்கே திகைப்பாக இருந்தது. விடிய எழுப்பி, முகம் கழுவிவிட்டு, அவளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்ததே நான்தான்.

ஷிஃபானா பேனாவை வாங்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கா, மாமி?"

"ஓம் மகள்."

அவள் கையெழுத்து வைத்தாள். சாட்சிக்கு நானும் வைத்தேன்.

"அம்மாதானே?" என்று கேட்டார் அவர், உறவைக் குறித்துக்கொள்ள.

"ஓம், அம்மாதான்."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. றிஸ்கானுக்கு என்று நானும் சொல்லவில்லை.