நாலு முனைக்கு நாலு பேர்

ஜனவரி முடியப்போகிறது. ஓத்திலியா வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசு இன்னும் படுத்தே இருந்தார். மாதம் முடிவதற்குள் அவரை எழுப்பி நிற்க வைக்காவிட்டால் யாரும் திருடிக்கொண்டு போகலாம். மீட்க, வீட்டுக்காரர் ஊருக்கே விருந்து வைக்க வேண்டும். அந்த மலையூர் வழக்கம் அது.

பக்கத்து வீட்டு டொமித்திலா திருடிவிட்டாள். சால்வைக்குள் குழந்தைச் சிலையை மறைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"விருந்து எப்போ அக்கா?"

"நாளைக்கே வெச்சுக்கலாம். என் பிள்ளை நெக்தாரியோ வர்றான்."

"மொசாம்பிக்லருந்தா? மிஷன் ஊழியம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்குன்னீங்களே! அப்போ வயலின், ஒயின், கேக்குன்னு தடபுடல் பண்ணிடலாம்!"

"முதல்ல ஜெபமாலை. அவனுக்கு அதுதான் முக்கியம்."

"சரி சரி. குழந்தையைப் பட்டுத்துணியில ஏந்திட்டு ஊர்வலம் போக, நாலு முனைக்கும் நாலு பேரு வேணுமே? என் பொண்ணுங்களை அனுப்பறேன்."

"வேண்டாம். உன் தம்பியையும் கொல்லன் மகனுங்க மூணு பேரையும் வரச் சொல்லு. நல்லா தோள் கொடுக்கணும்."

"சாண் உசரக் குழந்தைக்கு நாலு தடியனுங்களா!" டொமித்திலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஓத்திலியா சிரிக்கவில்லை.

"போன வாரமே போன் வந்துச்சு. காய்ச்சல்ல போயிட்டான். யார்கிட்டயும் சொல்ல வாய் வரலை. பெட்டி நாளைக்கு வருது."

டொமித்திலா சால்வைக்குள் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அக்கா... இதையெல்லாம் தள்ளி வெச்சிடலாம்."

"வேண்டாம்டி. முதல்ல அவரை நிக்க வைப்போம். அப்புறம் என் பிள்ளையைப் படுக்க வைக்கலாம்."