பன் கடிக்கும் போட்டி, முதல் பரிசு

கணினித் திரையில் ஒரு பெயரின் மேல் கறுப்புக் கட்டத்தை இழுத்துவிட்டு யோஷியே சிரித்தாள்.

விடியற்காலையில் பால்கனியில் மெத்தையைத் தட்டித் தட்டி எல்லோரையும் எழுப்பிவிடும் மூன்றாம் கட்டிடத்து நிஷியாமாவைக் கண்டித்து, அந்தக் காலத்தில் வந்த செய்தி அது. நிஷியாமா இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். இன்னும் தட்டுகிறாள்.

குடியிருப்புச் சங்கத்தின் பழைய செய்தி இதழ்களையெல்லாம் இணையத்தில் ஏற்றப் போகிறார்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைக்க வேண்டும், அவர்களே சம்மதித்தால் விடலாம், இறந்தவர்கள் பெயர் அப்படியே இருக்கட்டும் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

சங்கத் தலைவர் ஹமாடா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தர, யோஷியே மறைத்துக்கொண்டே வந்தாள்.

எல்லாம் அவள் கணவர் டொகுஸோ கையால் எழுதி அச்செடுத்தவை.

புத்தாண்டுக்கு மோச்சி என்ற அரிசிப் பலகாரத்துக்கு இடிக்கும்போது உலக்கை உடைந்தது. கோடை விழாவில் மழை கொட்டியும் ஒருவரும் ஆட்டத்தை நிறுத்தாதது. காணாமல் போன கிளி ஒரு மாதம் கழித்து வந்து, யார் வீட்டிலோ கற்றுக்கொண்ட இருமலை இருமியது.

ஒரு வரி விடாமல் படித்தாள். எவ்வளவு சத்தமாக இருந்த இடம்!

ஒவ்வொரு இதழின் அடியிலும், 'தொடர்புக்கு: ஓகிடா, ஏழாம் கட்டிடம்' என்று அவர்களின் குடும்பப் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும். அவற்றை மட்டும் அவள் மறைக்கவில்லை. சம்மதம் என்று எழுதியே கொடுத்திருந்தாள்.

"இந்த வயசுல உங்களுக்கு யாரு போன் பண்ணப் போறாங்க அக்கா? லோன் வேணுமான்னு கேக்கிறவன்தான் பண்ணுவான்," என்றார் ஹமாடா.

"பண்ணட்டுமே தலைவரே. நான் பேசுற பேச்சுல அவனே லோன் வாங்கிட்டுப் போயிடுவான்."

அடுத்த பக்கம் விளையாட்டு விழா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் பன்னை எட்டிக் கடிக்கிற போட்டி.

'முதல் பரிசு: ஓகிடா ஷுன்ஜி, மூன்றாம் வகுப்பு. பக்கத்துப் பையனின் பன்னையும் சேர்த்துத் தின்றுவிட்டான்.'

சொந்த மகனைப் பற்றி எழுதும்போது டொகுஸோவுக்குக் கை நிலைகொள்ளவில்லை போலும். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது.

வளர்ந்தபின் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன்தான். ஒரு தகவலும் இல்லை. ஏழு வருடம் பார்த்துவிட்டு, மகன் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு மனு எழுதியதும் இதே கைதான். நீதிமன்றமும் அப்படியே அறிவித்துவிட்டது. காத்திருக்க முடியாத மனுஷன். அவர் மேல் இப்போது அவளுக்குக் கோபமில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஹமாடா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா... ஷுன்ஜி பேரை மறைக்க வேண்டியதில்ல. அப்படியே இருக்கலாம்."

யோஷியே கறுப்புக் கட்டத்தை மகன் பெயரின் மேல் இழுத்து, ஓரம் தெரியாதபடி சரிசெய்தாள்.

"ரூல் போட்டது நீங்கதானே தலைவரே? உயிரோட இருக்கிறவங்க பேரை மறைக்கணும்."

பன் தின்ற வரியையும் அடியில் இருந்த எண்ணையும் அவள் தொடவில்லை.