முகவரிப் புத்தகத்தில் பதினோரு பேர்

பதினோரு பேரும் திங்கட்கிழமை காலையில் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயிருந்தார்கள். பிரென்ட் ஹால்வர்சன் கணினித் திரையை ஓங்கி ஒரு அறை விடாத குறையாக முறைத்தார். பத்து மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது.

டொலீடோவில் கராஜ் கதவு செய்யும் ஒரு கம்பெனியின் கிளைக்கு அவர் மேனேஜர். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஒமாஹா தலைமை அலுவலகத்தில் கணினிக் கோளாறுகளைக் கவனிக்கும் ரெனாட்டாவை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? மெயில் அனுப்ப முகவரிப் புத்தகத்தைத் திறக்கறேன். டுவெய்ன்னு அடிச்சா அப்படி ஆளே இல்லைங்குது. கோரின்னு அடிச்சா இல்லை. பதினோரு பேர்ல ஒருத்தர் பேரும் வரலை!"

"மெயிலை மூடிட்டு மறுபடி திறந்து பாத்தீங்களா சார்?"

"மூணு தடவை! அடுத்து பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொல்லுவே. அதையும் பண்ணியாச்சு."

"சரி சார். அந்தப் பதினோரு பேரை விட்டுட்டு வேற யார் பேராவது அடிச்சுப் பாருங்களேன்."

"வேற யாரும் எனக்கு எதுக்கு? இவங்கதான் வேணும். பாடம் நடத்தாம வேலையைப் பாரு!"

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிரென்டின் அவசரத்துக்குக் காரணம் மேஜைமேல் கிடந்த பட்டியல். கிளையின் செலவைக் குறைக்காவிட்டால் அவர் நாற்காலி தப்பாது என்று தலைமை அலுவலகம் போன மாதமே எச்சரித்திருந்தது. யார் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று அவரே உட்கார்ந்து பதினோரு பேரை எழுதி, அந்தப் பட்டியலை வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்.

'பார்த்தோம். ஆகவேண்டியது திங்கள் காலை ஆகும்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குமேல் என்ன சம்மதம் வேண்டும்? பத்து மணிக்கு மீட்டிங் அறைக்கு வரச் சொல்லி மெயில் அனுப்பி, பதினோரு பேரையும் உட்கார வைத்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டால் அவர் நாற்காலிக்கு ஆபத்தில்லை.

கதவைத் தட்டிவிட்டு லுவான் காபியோடு உள்ளே வந்தாள். பத்தொன்பது வருடமாக அவருக்குச் செயலாளர். பட்டியலில் ஆறாவது பேர் அவளுடையது. பிரென்ட் சட்டென்று தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"பதினோரு மணிக்கு டுவெய்னுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டறோம் பிரென்ட். எல்லாருக்கும் இப்பத்தான் மெயில் போட்டேன். போன வருஷம் மாதிரி டிமிக்கி குடுக்கக் கூடாது, ஆமா."

"வர்றேன், வர்றேன். கதவைச் சாத்திட்டுப் போ."

பதினோரு மணிக்கு டுவெய்னும் இருக்கமாட்டான், கேக் வெட்டக் கூப்பிட்டவளும் இருக்கமாட்டாள். இது தெரிந்தும், அவள் கொண்டுவந்த காபியை அந்த மனிதர் ரசித்துக் குடித்தார். பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு வாய் குடித்ததும் அவருக்குப் பொறி தட்டியது. மேஜையில் ஒரு குத்து விட்டார்.

"புரிஞ்சுபோச்சு! அவங்க மெயில் கணக்கையெல்லாம் நீங்க முன்கூட்டியே மூடித் தொலைச்சிட்டீங்க. அதான் பேரு வரலை. அப்படித்தானே?"

"சார், அது வந்து..."

"நான் போட்ட சட்டம்மா அது! போறவன் வாடிக்கையாளர் விவரத்தை அள்ளிட்டுப் போயிடுவான், அதனால முதல்ல கணக்கை மூடு, அப்புறம் ஆளுக்குச் சொல்லுன்னு கம்பெனிக்கே சொல்லிக் குடுத்தவன் நான். ஆனா நான் மீட்டிங்குக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடியேவா மூடுவீங்க? கொஞ்சமாவது மூளை வேண்டாம்?"

"சார், தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கணக்கை மூடணும்னா உங்களுக்கு உத்தரவு வந்திருக்கணும். அதை எடுத்துப் படி. எவன் இந்தக் கூத்துப் பண்ணினான்னு நான் பாக்கறேன்."

"அதைப் போன்ல படிக்க எனக்கு அனுமதி இல்லை சார். உங்களுக்கு மேல இருக்கறவங்களே..."

"படிக்கலைன்னா இன்னிக்குச் சாயங்காலம் நீ அந்த நாற்காலியில இருக்கமாட்டே. பதினோரு பேரை அனுப்பறவனுக்குப் பன்னெண்டாவது ஆளை அனுப்பத் தெரியாதா?"

ரெனாட்டா மறுபடி பேசியபோது அவள் குரலில் அதுவரை இருந்த குழைவு சுத்தமாகப் போயிருந்தது.

"காலைல எட்டு மணிக்கு உத்தரவு வந்திருக்கு. துணைத் தலைவரே கையெழுத்துப் போட்டிருக்கார்."

"பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா? எத்தனை கணக்கு? பதினொண்ணும் போச்சா?"

"பதினோரு பேரும் அப்படியேதான் இருக்காங்க சார், மூடச் சொன்னது உங்க கணக்கைத்தான்."