கோட்டின் கை

புது ஆய்வகத்துக்கு மாறியதிலிருந்து அந்தக் கரைசல் படிகமாகவே மாட்டேன் என்றது. பதினோரு நாளாகக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது. கடைசியில் பெர்னதெத் தன் அலமாரியிலிருந்து சவரிநாதனின் வெள்ளைக் கோட்டை எடுத்து வந்தாள். பழைய ஆய்வகத்தில் இருபது வருடம் அவளுக்குப் பக்கத்து மேசையில் நின்று இதே படிகத்தை வளர்த்தவர் அவர். வேலையை விட்டுப் போன அன்று கோட்டை ஆணியிலேயே மறந்திருந்தார். அவள் அதைத் துவைக்கவே இல்லை.

“ஒவ்வொரு மூலக்கூறுகிட்டயும் ஹைட்ரஜன்னு ஒரு கை இருக்கு, பெர்னதெத்” என்பார். “ஒண்ணு நீட்டினாப் போதும், மத்ததெல்லாம் வரிசையாப் பிடிச்சுக்கும். முதல்ல யார் நீட்டுறதுங்கிறதுதான் தகராறு.” சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் கிண்ணத்தையே பார்ப்பார். அவளும் கிண்ணத்தையே பார்ப்பாள்.

இப்போது கோட்டின் கையைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். கண்ணுக்குத் தெரியாத பழைய படிகத் துகள் ஏதோ விழுந்திருக்க வேண்டும். விழுந்த இடத்திலிருந்து படிகம் ஊசி ஊசியாகக் கிளம்பி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கிண்ணம் முழுக்கப் பரவியது.

“வந்துருச்சு மேடம்!” என்றாள் கூட வேலை பார்க்கும் உமையாள். “கோட்டைக் குடுங்க, மாட்டிடறேன்.”

பெர்னதெத் அந்தக் கையை விடவில்லை.