6184 எண் துப்பாக்கி

“இதுக்கு ஒரு ஜோடி இருக்குது தம்பி. இதே நம்பர் போட்ட ஜப்பான்காரன் துப்பாக்கி. அதைக் கண்டுபிடிச்சுட்டு வா. அப்புறம் என்ன கேக்கோணுமோ கேளு.”

“எங்கீங்க தேடறது?”

“சண்டைக்குப் போனப்ப பர்மாவுலதான் போட்டுட்டு வந்தேன். போய்ப் பாரு.”

கையிலிருந்த தொலைநோக்கிக் குழாயை ஆட்டி அப்பா சிரித்தார். பெண் கேட்டு வந்தவன் சிரிக்கவில்லை. காபியைப் பாதியில் வைத்தான். நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கிளம்பினான்.

கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

இப்போது ஐம்பது.

மேசைக்கு அந்தப் பக்கம் கடைக்காரராக அவர். இந்தப் பக்கம் அவள். நடுவில், மறைந்த அப்பாவின் மப்ளரில் சுற்றிய அந்தக் குழாய். ஒரு சாண்கூட இராது.

“என் தம்பி விலை கேட்டுட்டு வரச் சொன்னான்,” என்றாள்.

அது உண்மைதான். ஆனால் கோயம்புத்தூரில் இந்தக் கடைக்குப் போ என்று தம்பி சொல்லவில்லை.

கடை முழுக்கக் கண்ணாடிகள். பைனாகுலர், பழைய கேமரா, சர்வேக்காரர்களின் கருவிகள். அலமாரியில் ஒரே ஒரு தம்ளர்.

அவர் மப்ளரைப் பிரித்தார். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

“ரப்பர் வெடிக்கலை. கண்ணு வைக்கிற இடம். எண்பது தொண்ணூறு சதவீதத்துல இது கெட்டுப்போயிருக்கும்.”

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். அழுக்கின் அடியிலிருந்து எழுத்துகள் வந்தன.

“இரண்டரை மடங்கு பெரிசாக் காட்டும். போர்க்காலத்துச் சரக்குதான். சந்தேகமே இல்லை.”

“கோணக் கண்ணாடின்னு அப்பா சொல்லுவாரு. உள்ளே தெரியற குறிக்கோடு நடுவுல இல்லைன்னு.”

“கோணல் இல்லீங்க.” முதல்முறையாக நிமிர்ந்தார். “இதைத் திருகிச் சரிபண்ண முடியாது. இது துப்பாக்கிக்குப் பக்கவாட்டுல இருக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி, கோட்டை ஒதுக்கியே வச்சிருக்காங்க. அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும். வேற எதுல மாட்டினாலும் குறி தப்பும்.”



அவர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். பொருள்: துப்பாக்கித் தொலைநோக்கி. எண்: 6184.

எழுதிய பிறகுதான் குழாயைத் திருப்பி, எண் இருந்த பக்கத்தைத் துடைத்தார்.

6184.

“பேரு கஸ்தூரி,” என்று அவரே சொல்லி எழுதினார். பேனா நின்றது. “இனிஷியல்?”

“அப்பாவோடதுதான்.”

பேனா இன்னும் கொஞ்ச நேரம் நின்றது.

“தேடினீங்களா?” என்றாள்.

அவர் இழுப்பறையைத் திறந்தார். உறைகள். வெளிநாட்டுத் தபால்தலைகள். எந்தெந்த ஊரிலோ இருக்கும் மியூசியங்களிலிருந்து வந்த பதில்கள்.

“ஒருக்கா 6148 கிடைச்சுது,” என்றார். “ரெண்டு நாள் தூங்கலை. அப்புறந்தான் கடைசி ரெண்டு நம்பரைச் சரியாப் பார்த்தேன்.”

“அப்பா விளையாட்டுக்குச் சொன்னாருங்க.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“உங்க வீட்டுப் படி இறங்கறப்பவே.”

“அப்புறம் எதுக்கு?”

“அவரு வேற வழி ஒண்ணும் சொல்லலையே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இருபத்தாறு வருஷம். நீலகிரியில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து இங்கே மூன்று மணி நேர பஸ்.

“துப்பாக்கியோட சேர்ந்திருந்தா நல்ல விலை,” என்றார் அவர், ரசீதைப் பார்த்தபடி. “தனியா இருந்தா…”

விலை என்ற இடத்தை அவர் நிரப்பவில்லை.

அவள் குழாயை எடுத்துக் கண்ணில் வைத்தாள். மங்கலாக ஒரு சட்டை.

“கிட்ட இருந்தாத் தெரியாது. நான் வேணா எதிர்ல போய் நிக்கிறேன்.”

ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து தெருவைக் கடந்தார். டீக்கடை வாசலில், போட்டோ எடுக்க நிற்பவரைப் போல விறைப்பாக நின்றார்.

வட்டத்துக்குள் ஆள் தெளிவாகத் தெரிந்தார். காதோரம் நரை. சட்டையில் ஒரு பட்டன் வேறு நிறம். கோடுகள் மட்டும் அவரை விட்டுத் தள்ளி இருந்தன.

அவள் கையால் காட்டினாள். நகருங்க.

ஒரு அடி நகர்ந்தார்.

இன்னும்.

டீ குடித்துக்கொண்டிருந்தவரை இடித்துவிட்டு நகர்ந்தார். கோடுகள் இரண்டும் சட்டைப் பையில் வந்து சேர்ந்தன.

“அன்னிக்கு என்ன கேக்க வந்தீங்க?” என்று கத்தினாள்.

டவுன் பஸ் ஒன்று இடையில் வந்து நின்றது. வட்டம் முழுக்கப் பச்சைத் தகரம். அவள் குழாயை இறக்கவில்லை.

பஸ் நகர்ந்தது. அவர் அதே இடத்தில் இருந்தார். காதில் கை வைத்திருந்தார்.

“கேக்க வந்ததைக் கேளுங்க!”

டீக்கடையில் நாலு பேர் திரும்பினார்கள். அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை.

“கஸ்தூரி! என்னைக் கட்டிக்கிறீங்களா?”