ஆற்றின் பெயர் கொண்ட கப்பல்

1974 பிப்ரவரி. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தேவாலயக் கூடத்தில் அஞ்சல்தலைக் கண்காட்சி நடக்கிறது. வெளியே குவிந்த பனியின் வெளிச்சம் ஜன்னல் வழியே சேதுராமனின் மேசைமேல் வந்து விழுகிறது. யுத்த காலத்தில் ஏதோவொரு கனடிய நாசகாரிக் கப்பலிலிருந்து தபாலில் போன உறையை அவன் இடுக்கியால் தூக்கிக் காட்டுகிறான்; மனைவி சியாமளாவைக்கூட அதைத் தொடவிட்டதில்லை. எதிரிக்குத் தெரியக்கூடாதென்று அன்று முத்திரையில் கப்பலின் பெயரைப் போடமாட்டார்கள். எந்தக் கப்பலென்று அவன் தேடாத இடமில்லை. கம்பளிக் குல்லாய் அணிந்த கிழவர் ஒருவர் குனிந்து பார்க்கிறார். முத்திரையின் உடைந்த விளிம்பைக் கண்டதும் அவருக்குச் சிரிப்புப் பொங்குகிறது. அந்த முத்திரைக் கட்டையைக் கீழே போட்டு உடைத்ததே தான்தானாம். கப்பலில் தபால் பார்த்தவராம். "ஹாலோவே!" என்று கூடமே திரும்பிப் பார்க்கக் கூவுகிறார். அது அவர் நீந்தப் பழகிய ஆறு. அதன் பெயரைத்தான் கப்பலுக்கு வைத்தார்கள். அன்று எழுதவிடாத பெயரை இப்போது எழுதட்டுமா என்று கேட்கிறார். மை பட்டால் உறையின் மதிப்பே போய்விடும். பக்கத்து மேசைக்காரர் பதறிப்போய்க் கையை ஆட்டுகிறார். "என்னங்க யோசனை?" என்கிறாள் சியாமளா. சேதுராமன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டுகிறான். கிழவர் கூச்சத்தோடு உறையைப் பின்பக்கம் திருப்புகிறார். "பின்னாடி வேண்டாம் சார், முன்னாடி! பெரிசா எழுதுங்க!" சந்தோஷத்தில் தமிழிலேயே கத்திவிடுகிறான் சேதுராமன். கிழவருக்கு அது புரிந்துவிடுகிறது.